பேட்டரி வேண்டாம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். உன் முதுகு எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மேசைமேல் கவிழ்ந்து ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தால் எந்த முதுகு தாங்கும்? எழுந்து நாலு எட்டு நட என்றால் கேட்கவா போகிறாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. போனில் உன்னோடு பேசினால் பாதி கடைச் சத்தம், மீதி "இரு அக்கா, கஸ்டமர்." எழுதிவிட்டால் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாய் அல்லவா?

விஷயம் இதுதான். எனக்கென்று ஒரு லேப்டாப் வேண்டும். பழையதே போதும். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை உன் அத்தான்தான் அமைத்துக் கொடுத்தார், அதில் எல்லாம் அவர் வசதிப்படி இருக்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் கிழட்டு மெஷினும் ஓடும் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதில் டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டலாமாமே? மெஷினைப் பிரித்து டிஸ்க்கைக் கையில் எடுத்தாலும் ஒன்றும் படிக்க முடியாதாமே? நிஜமா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. இந்தக் குடியிருப்பில் தபால் மாறி மாறிப் போய்விடுகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், கடைக்கார அம்மா எனக்கு வேண்டியவர். போனில் இந்தப் பேச்சை எடுக்காதே, எனக்குக் குழம்பிவிடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு இருக்கிறது. இருக்கிறேன் என்று மணிக்கொருதரம் ஞாபகமும் படுத்துகிறது. உன் கழுத்து வலி தேவலையா? அத்தான் நலமா? நம்ம வாண்டு ஆறாவதில் எப்படிப் படிக்கிறாள்?

நீ கேட்டதெல்லாம் நிஜம். எங்கள் தொழிலில் இதை என்கிரிப்ஷன் என்போம். லினக்ஸ் போடும்போது ஆரம்பத்திலேயே "டிஸ்க்கைப் பூட்டட்டுமா?" என்று கேட்கும். அப்போதே ஆமாம் சொல்லிவிட வேண்டும். எல்லாம் போட்டு முடித்தபின் பூட்டுகிறேன் என்று கிளம்பினால் பெரும்பாடு. ஆனால் ஒன்று, பாஸ்வேர்டை மறந்தால் அவ்வளவுதான். நீ காலில் விழுந்தாலும் திறக்காது, நான் காலில் விழுந்தாலும் திறக்காது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆள் நீ, யோசித்துக்கொள்.

லினக்ஸில் மனுஷனை அழவைப்பது வைஃபைதான். சில மெஷின்களில் உள்ளே இருக்கும் வைஃபை அட்டை ஒத்துழைக்காது. அப்படி ஆனால் உன் போனை வயரால் இணைத்து நெட் எடுத்துக்கொள்ளலாம், பிரச்சினை இல்லை.

ஆமாம், பாடப்புத்தகத்தில் எழுத்துப்பிழை திருத்துகிறவளுக்கு எதற்கு இரும்புப் பெட்டி? கமாவைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களா?

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

கழுத்து பரவாயில்லை. வாண்டு கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறாள், மீதிப் பத்து எங்கே என்று கேட்டதற்கு டீச்சர் வைத்துக்கொண்டார் என்கிறாள். உன் மருமகள் அல்லவா.

பதிப்பகம் இந்த வருஷம் பரீட்சைக் கேள்வித்தாள்களையும் மெய்ப்புப் பார்க்கக் கொடுக்கிறது. ஒரு கேள்வி வெளியே போனால் என் தலைதான் உருளும். அதற்குத்தான் பூட்டு.

போனை இணைப்பதெல்லாம் வேண்டாம். வைஃபை வேலை செய்தே ஆக வேண்டும், ஆனால் வீட்டு வைஃபை அல்ல, ஜெராக்ஸ் கடையில் கிடைத்தால் போதும். கேமராவும் மைக்கும் சரியாக இருக்கட்டும். மூடியை மூடினாலே பூட்டிக்கொள்ளுமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? அழித்த ஃபைலை யாராவது திரும்ப எடுக்க முடியுமா?

போன வாரம் பதிப்பகத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். மனசு கேட்காமல், அனுப்பாமலே அழித்துவிட்டேன். மறுநாள் சாப்பிடும்போது உன் அத்தான் அதிலிருந்து ஒரு வரியை அப்படியே சொல்லி, "இப்படி எழுதினா மரியாதையா இருக்காதும்மா" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

சீக்கிரம் அனுப்பு. வெயிலில் அலையாதே.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கடை மின்விசிறி நின்றுபோய் மூன்று நாளாக வேர்த்துக் கொட்டுகிறது. ஊரார் மெஷினுக்கெல்லாம் விசிறி மாற்றுகிறவன் தலைக்குமேல் விசிறி ஓடவில்லை, சிரித்துக்கொள்.

லேப்டாப் கூரியரில் ஜெராக்ஸ் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய எட்டு வருஷத்து மெஷின், ஆனால் கட்டுமஸ்தான உடம்பு. வைஃபை அட்டை லினக்ஸோடு சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது. செத்துப்போன வேறொரு லேப்டாப்பின் அட்டையைக் கழற்றி இதில் மாட்டினேன், இப்போது சமர்த்தாக இருக்கிறது. கேமராவையும் மைக்கையும் சோதித்துவிட்டேன். கீபோர்டில் 'க' கட்டையைக் கொஞ்சம் அழுத்தி அடிக்கணும்.

டிஸ்க் முழுக்கப் பூட்டியாயிற்று. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட் கேட்கும், அதைத் தராமல் ஒரு அடி உள்ளே போகாது. தற்காலிகமாக நான் வைத்த பாஸ்வேர்டைப் பையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வந்த உடனே மாற்று, மாற்றும் வழியும் அதிலேயே எழுதியிருக்கிறது. மூடியை மூடினால் பூட்டாது அக்கா, தூங்கும். தூங்கும்போது சாவி உள்ளேயே கிடக்கும். முழுசாக அணைத்தால்தான் பூட்டு. பூட்டிய டிஸ்க்கில் அழித்ததையும் சரி, அழிக்காததையும் சரி, சாவி இல்லாமல் ஒருத்தரும் எடுக்க முடியாது.

ஒரே குறை, பேட்டரி செத்துவிட்டது. சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும், வயரை இழுத்தால் பட்டென்று உயிர் போய்விடும். புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடையில் விசிறி ஓட ஆரம்பித்ததா?

லேப்டாப் வந்தது. நன்றாக இருக்கிறது. பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட்டேன். நீ எழுதிய சீட்டு போதாமல் இந்தப் பூட்டைப் பற்றி நெட்டில் கிடைத்த கையேடு முழுவதையும் ஜெராக்ஸ் கடையிலேயே அச்செடுத்துப் படித்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம். ஒரு வரி விடாமல் படிப்பதுதானே என் பிழைப்பு. அதில் பதினோரு பிழை இருந்தது.

பேட்டரி வேண்டாம். வயரை இழுத்தால் அடுத்த நொடி அணைந்துவிடுகிறது அல்லவா, அது எனக்கு வசதி. மேசையை வாசல் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறேன், பிளக் என் காலருகே இருக்கிறது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் பூட்டில் சாவி திரும்புவதற்கும் நடுவே போதுமான நேரம் இருக்கிறது. காலாலேயே இழுக்கப் பழகிவிட்டேன். வாண்டு இப்போது என்னைவிட முன்னாலேயே செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறாள்.

இந்த மெஷினை உன் அத்தான் ஒருநாள் பார்த்துவிட்டார். கேள்வித்தாள் வேலை, பதிப்பகத்து விதி என்றேன். "எங்கிட்டகூடவா?" என்று சிரித்தார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

வாண்டுவின் பள்ளிச் சான்றிதழ்களையும் என்னுடையவற்றையும் ஸ்கேன் செய்து உள்ளே போட்டு வைத்தேன். ஒரு அச்சகத்திலிருந்து வேலை விஷயமாகக் கேமராவில் பேசினார்கள். முகம் தெளிவாகத் தெரிந்ததாம். உன் கைராசி.

மோர் நிறையக் குடி.

உன் அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிகள் திறக்கும் முன்னால் ஊரில் உள்ள அத்தனை லேப்டாப்பும் என் கடைக்குத்தான் வருகிறது. விசிறி ஓடுகிறது, முதுகு ஓடவில்லை.

இந்த மாதிரி வயரைப் பிடுங்காதே தாயே! ஃபைல் கெட்டுப்போகும். நாலு வரிக்கு ஒருதரமாவது சேமித்துக்கொள். கேள்வித்தாளுக்கு இவ்வளவு நடுக்கமா? புது வேலை என்றால் வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலைதானே?

அத்தான் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். லேப்டாப் நான் அனுப்பியது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் நீதானே செட் பண்ணிக் கொடுத்தே?" என்று சாதாரணமாகக் கேட்டார், ஆமாம் என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். முதுகுக்கு ஒரு டாக்டர் பெயரும் சொன்னார். என் முதுகைப் பற்றி இத்தனை அக்கறையாக விசாரிக்கிற ஆள் உலகத்தில் உங்கள் இரண்டு பேரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வாண்டுவுக்கு முத்தம்.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபம். என்னிடம் கேட்க என்ன வெட்கம்? ஞாயிற்றுக்கிழமை அத்தான் கூப்பிட்டு எல்லாம் சொன்னார். "மச்சான், உங்க அக்கா பாஸ்வேர்டை மறந்துட்டு முழிக்கிறா. உன்கிட்ட கேக்க கூச்சம். நாளைக்குள்ள கேள்வித்தாள் அனுப்பணுமாம், அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா. வேற வழி ஏதாவது இருக்கா?" என்றார். பாவம், அவர் குரலே கம்மிப்போயிருந்தது.

இப்போது என்னைப் பாராட்டு. இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஒரே டிஸ்க்குக்கு ஒன்றுக்கு மேல் சாவி போடலாம் அக்கா. அனுப்பும்போதே உனக்குச் சொல்லாமல் இரண்டாவதாக ஒன்று போட்டு வைத்திருந்தேன். சின்ன வயசில் சண்டையில் உன்னைக் கூப்பிடுவேனே சுண்டெலி என்று, அந்தப் பேரும் நம் பழைய வீட்டு எண்ணும். அத்தானிடம் சொன்னேன். "நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும் மச்சான்" என்றார்.

திறந்ததா? கேள்வித்தாள் போய்ச் சேர்ந்ததா? உடனே எழுது.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

நானும் வாண்டுவும் நலம். நீ பயந்துபோவாய் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் பாஸ்வேர்டை மறக்கவில்லை. யாரையும் உன்னிடம் கேட்கச் சொல்லவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டுவுக்குப் பல்வலி என்று டாக்டரிடம் போயிருந்தோம். திரும்பி வந்தபோது அவர் என் மேசையில் உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரையில் தவறான பாஸ்வேர்ட் என்று வரிக்கு மேல் வரியாக நின்றது. மெதுவாக எழுந்து, கை கழுவிக்கொண்டு வந்து, "சுண்டெலி, சாப்பாடு எடுத்து வைக்கலாமே" என்றார். பதினாலு வருஷத்தில் அந்தப் பேரை நான் அவரிடம் சொன்னதில்லை. அம்மா அப்பா போனபிறகு அது தெரிந்த ஒரே ஆள் நீதான். தட்டை வைக்கும்போது சத்தம் வந்தது.

ஏன் திறக்கவில்லை என்று யோசிப்பாய். எத்தனை சாவி போட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை இருப்பதாகக் கையேட்டில் இருந்தது. ஏப்ரலிலேயே பார்த்தேன். நான் மாற்றியது ஒன்று. கூட இன்னொன்று இருந்தது. உன் வேலை என்று உடனே தெரிந்தது, நல்ல எண்ணத்தில் செய்தாய் என்பதும் தெரிந்தது. அன்றே அதை அழித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பாய், வருத்தத்தை யாரிடமாவது கொட்டியிருப்பாய், அந்த யாராவது ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருப்பார்.

கூடப் பிறந்தவனையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டோமே என்று இரண்டு மாதம் மனசு உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, தம்பி.

அவர் என்னை அடித்ததில்லை. நீ கேட்பாய், அதனால் சொல்கிறேன். என் போன், என் மெயில், எந்தக் கடையில் எத்தனை நிமிஷம் நின்றேன், எல்லாம் அவருக்குத் தெரியும். நான் அழித்த வரிகூடத் தெரியும். எல்லாம் அக்கறைதான். எனக்கு மூச்சு முட்டுகிறது.

கேள்வித்தாள் நிஜம், ஆனால் அது இரண்டு நாள் வேலை. அச்சகத்து வேலை வேறு ஊரில். கிடைத்துவிட்டது. வக்கீலைப் பார்த்துவிட்டேன், மகளை அவர் பார்ப்பதற்கும் முறைப்படி வழி செய்துதான் போகிறேன். வாண்டுவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, "எப்பம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

எந்த ஊர், எந்த நாள் என்று எழுதமாட்டேன். இதைப் படித்ததும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டால் எப்போதும்போல் பேசு. முடியாவிட்டால் எடுக்காதே.

முதுகுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா


ஜூலை 6

அக்கா,

உன் கடிதம் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே ஒரு கஸ்டமர் தட்டிக்கொண்டே இருந்தார், திறக்கவில்லை.

வயரைக் காலால் இழுக்கிறேன் என்று எழுதினாய். நான் ஃபைல் கெட்டுப்போகும் என்று பதில் எழுதியிருக்கிறேன். நினைக்க நினைக்க என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று முதலில் உன்மேல் ஆத்திரம் வந்தது. ராத்திரி யோசித்தேன். சொல்லியிருந்தால் நேரே அவரிடம் போய் "ஏன் அத்தான் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டிருப்பேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரத்தில் என்னைத் தனக்காகப் பரிதாபப்பட வைத்து அனுப்பியிருப்பார்.

மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கை வரவில்லை. மன்னித்துவிடு.

நேற்று அவர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மூன்று தடவை.

வேன் வைத்திருக்கும் ஆள் தெரியும், சொன்னால் வந்து சாமான் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறேன். போய்ச் சேர்ந்ததும் முகவரியாவது எழுது. இனி என் வாயில் எதுவும் வராது. சத்தியம்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். இரண்டு பேரும் சுகம். வேன் தேவைப்படவில்லை, இரண்டு பெட்டியும் லேப்டாப்பும்தான்.

அச்சகத்துக்கு மேலேயே இரண்டு அறை. காலையில் கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் தரை மெல்ல அதிரும், டம்ளரில் தண்ணீர் ஆடும். வாண்டு அதையே அலாரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். என் பிரிவில் நான்கு பேர், எல்லோருக்கும் கழுத்து வலி. முதல் சனிக்கிழமை மத்தியானம் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதினேன். யாரும் வரவில்லை.

முகவரி கேட்டிருந்தாய். தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னை நம்பாமல் இல்லை. அவர் உன்னிடம் நேரில் வருவார், எனக்குத் தெரியும். வந்து கேட்டால் "தெரியாது" என்று நீ சொல்ல வேண்டும். உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசில் ஒரு மிட்டாய் தின்றதைக்கூட உன்னால் மறைக்க முடிந்ததில்லை, முகமே சொல்லிவிடும். அதனால் நிஜமாகவே தெரியாமல் இரு. அதுதான் உனக்கும் நிம்மதி.

எழுத வேண்டுமானால் ஜெராக்ஸ் கடைக்கே எழுது. அந்த அம்மா வேறு உறையில் போட்டு எனக்கு அனுப்புவார்.

மனசு உன்னை ரொம்பத் தேடுகிறது. நன்றாகத் தூங்கு.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இரண்டு பேரும் நலம் என்று படித்ததில் எனக்கு அரை முதுகுவலி குறைந்துவிட்டது.

அத்தான் வந்தார். செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் வந்து, கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்து மத்தியானம்வரை இருந்தார். சத்தம் போடவில்லை, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். மகளை வக்கீல் மூலமாகப் பார்ப்பதெல்லாம் சரிப்படாது, வீட்டுக்காரன் நான், இடம் தெரிய வேண்டாமா என்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது, மறைக்கமாட்டேன்.

அப்புறம் கேட்டார். "மச்சான், உனக்குப் பொய் சொல்ல வராது. என் முகத்தைப் பாத்துச் சொல்லு. அவ எங்க இருக்கா?"

ஒன்று சொல்ல வேண்டும். நீ முகவரி எழுதாவிட்டாலும் உறைமேல் தபால் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. ஊர்ப் பேரைப் படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் படித்துவிட்டேன். அந்த ஊரில் அச்சகம் எத்தனை இருக்கப் போகிறது? அவர் கேட்டபோது அந்த உறை மேசை டிராயரில், அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

முகத்தைப் பார்த்தேன். "தெரியாது அத்தான்" என்றேன். "எங்கிட்ட சொன்னா நான் உங்ககிட்ட சொல்லிடுவேன்னு எங்கிட்டயும் சொல்லாம போயிட்டா" என்றேன். குரல் ஆடவில்லை. அவர் என் தோளில் தட்டி, "உன்னையும் விட்டுட்டுப் போயிட்டாளா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நம்பிவிட்டார் அக்கா.

அவர் தெருவைத் தாண்டியதும் உறையைத் துண்டு துண்டாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

இனிமேல் எனக்கு எழுதினால் உங்கள் ஊரில் போடாதே. பஸ் ஏறி இரண்டு ஊர் தள்ளிப் போய்ப் போடு.

தம்பி